சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்: புலமையும் பொருளும்

புலமைக்குப் பொருள் தருதல் தமிழ் மண்ணின் பழைய வழக்கு. பாணரும் விறலியரும் புலவரும் வள்ளல்களை நாடிச் சென்று பாடிப் பரிசில் பெற்ற செய்தியைச் சங்க நூல்கள் பரக்கப் பேசுகின்றன. ஆற்றுப்படை என்றொரு நூல்வகையே அதன் பொருட்டுத் தோன்றிற்று. எனினும் அக்காலத்திலேயே பரிசில் பற்றிய மானவுணர்வும் இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாது அனுப்பிய பொருளை ஏற்க மறுத்து, தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்று சொல்லிச் சென்ற பெருஞ்சித்திரனாரைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. தம் புலமையின் அளவறிந்து தரும் பொருள் சிறிதாயினும் இனிது என்பது அவர் கருத்து.

புலமை பொருளுக்கு விற்கப்படும் சரக்கா, மதித்துப் போற்றப்படும் செல்வமா என்னும் இவ்வினா அன்றோடு முடியவில்லை. கற்றவர் ஒருவர் கூட்டத்தின் நடுவே அமர்ந்து, நாற்புறமிருந்தும் வீசப்படும் புதிர்களை விடுவித்துக் காட்டி, அதனால் பரிசும் பட்டமும் பெறும் அவதானக் கலையில் இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகின்றது. அக்கலையின் உச்சியை எட்டிய இசுலாமியத் தமிழ்ப் புலவராகிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் வாழ்வு இவ்வினாவிற்கு ஒரு விடையாக அமைந்துள்ளது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

அவதானக் கலை

அவதானம் என்னும் வடசொல்லுக்குக் கவனம் என்பது பொருள். ஒரே நேரத்தில் பல செயல்களில் மனத்தை நிறுத்தி, எதனையும் விட்டுவிடாமல், கேட்ட முறையிலேயே விடை கூறுதல் இக்கலையின் இலக்கணம். எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துவது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். இதனைக் கவனகம் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லாலும் வழங்குவர்.

அவையில் ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் ஒரு பாடலின் எழுத்துகளை முன்பின்னாகக் கலைத்து, இத்தனையாவது எழுத்து இன்னது என்று இடையிடையே சொல்லிச் செல்வார். ஒருவர் பெருக்கற் கணக்கொன்றைத் தருவார். ஒருவர் ஆண்டும் திங்களும் நாளும் கூறிக் கிழமை கேட்பார். பின்னால் நிற்பவர் முதுகின்மீது சிறு கற்களை எறிந்துகொண்டேயிருப்பார். ஒருவர் விட்டுவிட்டு மணியடிப்பார். இவர்களுக்கிடையே அமர்ந்து சதுரங்கம் ஆடுபவரும், இலக்கண ஐயம் எழுப்புபவரும், கவனத்தைக் குலைப்பதற்கென்றே வீண்பேச்சுப் பேசுபவரும் உண்டு. அவதானி இவர்கள் அனைவருக்கும் முகங்கொடுத்தல் வேண்டும். இறுதியில் வெண்பா முற்றுப்பெறும். கலைந்த எழுத்துகள் ஒரு செய்யுளாகக் கூடும். கணக்கிற்கு விடை வரும். விழுந்த கற்களும் ஒலித்த மணிகளும் இத்தனை என்று எண் சொல்லப்படும். ஒன்று பிழைத்தாலும் அவை எள்ளி நகையாடும்.

தறியொலி கேட்டு வளர்ந்த காஞ்சி வட்டாரத்து மாணவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை நெய்யும்போது மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவருக்குத் துணையாக மற்றொருவரும் அமர்ந்திருப்பார். நிறத்திற்கு நிறம் மாறும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் கரை கெட்டுவிடும். இருவர் சேர்ந்து மூன்று நாடாக்களைக் காக்கும் வேலையே அத்துணைக் கூர்ந்த கவனத்தை வேண்டுகின்றது. துணையாள் இன்றி, நூறு நாடாக்களைத் தம் நெஞ்சுக்குள்ளேயே ஓட்டி, ஓர் இழையும் அறாமல் துணியை முடித்துத் தருபவரே சதாவதானி.

அவதானமும் வருவாயும்

இக்கலை வெறும் பொழுதுபோக்காக வளரவில்லை. அதன் பின்னே வாழ்க்கைத் தேவை இருந்தது. குறுநில மன்னரும் சமீன்தார்களும் மடங்களும் செல்வர்களுமே புலவர்க்குப் புகலாக இருந்த காலத்தில், புதிதாக ஓர் அவைக்கு வரும் புலவர் தம் தகுதியை உடனே மெய்ப்பித்தாக வேண்டும். நூலொன்றை இயற்றி அரங்கேற்ற ஆண்டுகள் ஆகும். அவதானமோ ஒரு மாலைப்பொழுதிற்குள் புலமையை அளந்து காட்டிவிடும். வென்றவர்க்குச் சால்வையும் பொற்கிழியும் கிடைக்கும்; மானியமும் அவைப்புலவர் பதவியும் கிடைத்தலும் உண்டு. இளைஞராக இருந்த உமறுப்புலவர் எட்டயபுர அவையில் வடநாட்டுப் புலவர் ஒருவரை வாதில் வென்று அவைப்புலவரானார் என்னும் வழிவழிச் செய்தியும் இந்நிலையையே காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பெருகிய பின்னர் இப்பட்டம் வேறொரு வகையிலும் பயன்பட்டது. வினோதரச மஞ்சரியை எழுதிய வீராசாமிச் செட்டியாரும், பூவை கலியாணசுந்தர முதலியாரும் அட்டாவதானம் என்னும் அடைமொழியோடே அறியப்பட்டனர். நூலின் முகப்பில் அச்சொல் இருப்பது ஆசிரியரின் புலமைக்குச் சான்றாயிற்று. சமீன்கள் மெலிய மெலிய, அவதானம் அரண்மனையை விட்டு நகரத்துப் பொதுமண்டபங்களுக்கு வந்து சேர்ந்தது.

ஆந்திர நாட்டிலும் இதே நிலைதான். திருப்பதி வேங்கட கவிகள் என இரட்டைப்பெயரால் வழங்கும் திவாகர்ல திருப்பதி சாஸ்திரியும் செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரியும் சமஸ்தானந்தோறும் சென்று அவதானம் நிகழ்த்திப் பெரும்பரிசில் பெற்றனர். கடல் கடந்து நோக்கினால், அமெரிக்க நாட்டில் 1804-இல் பிறந்த சீரா கோல்பர்ன் என்னும் சிறுவன் பெருங்கணக்குகளை மனத்தாலேயே போடும் ஆற்றல் பெற்றிருந்தமையால், அவன் தந்தை அவனை ஊர் ஊராக அழைத்துச் சென்று கட்டணத்திற்குக் காட்டினார். இளம்பருவத்தின் பெரும்பகுதி காட்சியிலேயே கழிந்தது. ஆகவே அறிவைக் காட்டிப் பொருள் ஈட்டுதல் ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ மட்டும் உரியதன்று. இப்பின்னணியில் பாவலரின் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றின் அருகே உள்ளது இடலாக்குடி. அவ்வூரில் பக்கீர் மீரான் சாகிபு, அமீனா அம்மாள் ஆகியோரின் மகனாக 1874-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் செய்குத்தம்பி பிறந்தார். வடலூர் இராமலிங்க அடிகள் சித்திவளாகத்தில் மறைந்ததும் அதே 1874-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். அடிகளின் பாடல்களுக்காகப் பின்னாளில் மேடையேறி வாதிட்டவர் அவர் மறைந்த ஆண்டிலேயே பிறந்தார் என்பது நினைக்க இனிக்கும் ஒற்றுமை.

அந்நாளில் இடலாக்குடி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. பள்ளியில் மலையாளமே பயிற்றுமொழி. வீட்டுமொழி தமிழாக இருந்தும் அதனை முறையாகக் கற்கப் பள்ளி உதவவில்லை. ஆதலின் கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரிடம் தனியே சென்று இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். இசுலாமியச் சிறுவர் ஒருவர் இந்து ஆசிரியரின் முன் அமர்ந்து யாப்பும் அணியும் கற்றார். ஆசிரியரும் வேற்றுமை பாராட்டாது கற்பித்தார். பாவலரின் பிற்கால வாழ்வு முழுமைக்கும் அடித்தளமிட்டது இக்கல்வியே. கம்பனையும் குறளையும் புராணங்களையும் தம்முடையவாகவே அவர் கற்றார். அவ்வாறு கற்றிராவிடின் அவதான மேடையில் அவர் ஒரு நாழிகையும் நின்றிருக்க இயலாது.

விரைந்து பாடும் ஆற்றல் இளமையிலேயே அவர்பால் அமைந்திருந்தது. திரிபு, யமகம், அந்தாதி, சிலேடை போன்ற அரிய யாப்புகளில் அவருக்கு விருப்பம் மிகுதி. திருநாகூர்த் திரிபந்தாதி என்னும் நூலின் பெயரே இதற்குச் சான்று பகரும். இத்தகைய யாப்புகளும் ஒருவகைப் புதிர்களே. எழுத்து மாறாமல் பொருள் மாற வேண்டும். எதுகை குன்றாமல் பக்தியும் குன்றாதிருக்க வேண்டும். நாள்தோறும் இத்தகைய தளைகளுக்குள் நின்று பழகிய உள்ளமே பிறர் இடும் தளைகளையும் அவிழ்க்க வல்லதாயிற்று.

சென்னை வாழ்வு

பிழைப்பும் தமிழும் ஒருங்கே அவரைச் சென்னைக்கு அழைத்தன. இட்டா பார்த்தசாரதி நாயுடு என்பார் நடத்திய பத்மவிலாசம் அச்சுக்கூடத்தில் நூல்களைப் பார்த்துப் பதிப்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. ஏட்டையும் அச்சையும் ஒப்புநோக்கிப் பிழை களைவது கைதட்டல் இல்லாத வேலை. ஆயினும் மாதந்தோறும் ஊதியம் தந்து அவரைத் தாங்கியது அவ்வேலையே.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்கு அவர் உரை கண்டதும் இச்சென்னை வாழ்வோடு தொடர்புடையது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட விருத்தங்களால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடும் அப்பெருங்காப்பியத்தில் அரபுச் சொற்களும் பழந்தமிழ் மரபும் பின்னிக் கிடக்கின்றன. அரபு அறிந்தோர்க்குத் தமிழ் மரபு விளங்கவேண்டும். தமிழ் அறிந்தோர்க்கு அரபுச் சொல் விளங்கவேண்டும். இருதிறத்தார்க்கும் வாயில் திறந்துவிட்ட அவ்வுரைப்பணி, நூறு அவதானங்களுக்கு நிகரானது என்று கூறினும் மிகையாகாது.

விக்டோரியா மண்டபத்தில்

சென்னை சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள விக்டோரியா பொதுமண்டபம் அந்நாளில் நகரத்தின் பெருங்கூட்டங்கள் கூடுமிடம். அங்கே 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். மகாவித்துவான் இராமசாமி நாயுடு தலைமை தாங்கினார். தலைநகரின் புலவர்களும் பொதுமக்களும் திரண்ட அவையில், முப்பத்திரண்டு வயதினரான பாவலர் நூறு வகைக் கேள்விகளுக்கும் ஈடுகொடுத்து வென்றார். அன்றுமுதல் சதாவதானி என்பது அவர்தம் பெயரோடு ஒட்டிய பெயராயிற்று.

அந்நாளின் சூழலை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து வந்தவர், மலையாளப் பள்ளியில் படித்தவர், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர், இசுலாமியர். தமிழ்ப்புலமை தமக்கே உரியது என்று எண்ணியிருந்தார் சிலரேனும் அவ்வவையில் இருந்திருத்தல் கூடும். இத்தகைய ஒருவர்க்கு அச்சுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கிட்டாத பெயரை அவதானம் ஒரே நாளில் ஈட்டித் தந்தது. பிறப்பாலோ பட்டத்தாலோ நுழைய முடியாத வாயில்களைத் திறக்கும் திறவுகோலாக அக்கலை விளங்கியது. ஆதலின் அதனைச் செப்படி வித்தை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

ஓர் ஈற்றடியும் ஓர் எழுத்தும்

பாவலரைப் பற்றிப் பேசுவோர் எவரும் விடாது கூறும் செய்தி ஒன்று உண்டு. அவதானத்தின்போது ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுத்தார். துருக்கனுக்கு இராமனே துணை என்பது அவ்வடியின் பொருள். துருக்கன் என்பது அக்காலத் தமிழில் இசுலாமியரைக் குறிக்க வழங்கிய சொல். பாடப்போகிறவரோ இசுலாமியர். அவையில் இருந்தோர் பெரும்பாலரும் இந்துக்கள்.

இது கல்லெண்ணும் கணக்குப் போன்றதன்று. பாட மறுத்தால் அவதானத்தில் தோற்றவராவார். கொடுத்த பொருளிலேயே பாடினால், இறைவன் ஒருவனையன்றி வேறு துணை இல்லை என்னும் தம் ஈமானுக்கு முரணாவார். இராமனைக் குறைத்துப் பாடினால் அவையோர் உள்ளம் புண்படும். மூன்று வாயில்களும் அடைபட்ட நிலை அது.

பாவலர் நான்காம் வாயில் ஒன்றைக் கண்டார். வெண்பாவின் இறுதியடி முச்சீரால் அமையும். அதற்கு முந்தைய அடி நாற்சீரால் அமையும். ஈற்றடியை மாற்ற அவதானிக்கு உரிமையில்லை. முந்தைய அடியோ அவர் கையில் உள்ளது. அவ்வடியின் முடிவில் பரதன், இலக்குவன் ஆகியோரின் பெயர்களை வைத்து, அவற்றின் பின் சத் என்னும் ஓரசையை நிறுத்தினார். அவ்வசை அடுத்த அடியின் முதற்சொல்லோடு சேர்ந்தவுடன் துருக்கன் சத்துருக்கன் ஆனான். பரத இலக்குவ சத்துருக்கர்களுக்குத் தமையனாகிய இராமன் துணை என்று வெண்பா முடிந்தது. கொடுத்த அடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தம் சமயக் கொள்கையும் குன்றவில்லை, இராமகாதையும் சிறப்புற்றது. ஈற்றடி கொடுத்தவரும் நாணாமல் மகிழத்தக்க விடை அது.

சொல் விளையாட்டு என்று இதனை மேம்போக்காகக் கூறுவாரும் உளர். விளையாட்டேயாயினும் அதற்குள் நின்றது ஒரு சமூகத்தின் மானம். அவர் சினந்து எழுந்து சென்றிருப்பின் ஒரு பகை பிறந்திருக்கும். தம் நம்பிக்கையை விட்டுக்கொடுத்துப் பாடியிருப்பின் ஓர் இழிவு பிறந்திருக்கும். கணப்பொழுதில் இரண்டையும் தவிர்த்தமைக்கு நினைவாற்றல் மட்டும் காரணமாகாது. எதிரே இருப்பவர் போற்றும் காப்பியத்தைத் தம் காப்பியம்போலக் கற்றிருந்தமையே காரணம்.

ஐவர்க்கும் ஒரு பாடல்

சிவபெருமான், விநாயகர், முருகன், திருமால், அல்லாஹ் ஆகிய ஐவர்க்கும் ஒருசேரப் பொருந்துமாறு அவர் பாடிய சிலேடைப் பாடலும் இவ்வகையில் நினைத்தற்குரியது. தமிழில் ஆறு என்னும் சொல் நதியையும், எண்ணையும், நெறியையும் குறிக்கும். தலையில் ஆற்றை உடையவர் என்றால் ஒருவர்; தலை ஆறு உடையவர் என்றால் மற்றொருவர்; சொல்லைப் பிரிக்கும் இடத்தை மாற்றினால் தலை மாறிய ஆனைமுகத்தவர்; தலையாய நெறியை உடையவன் என்றால் ஏக இறைவன். திருமாலுக்கும் அவ்வாறே பொருள் விரியும்.

இதனால் எல்லாச் சமயமும் ஒன்று என்று அவர் கூறிவிட்டதாகக் கொள்ள வேண்டுவதில்லை. அவர் தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றவர். ஆயினும் தமிழ் என்னும் ஒரு வீட்டில் ஐந்து நம்பிக்கையினர் நெருக்கடியின்றி அமரலாம் என்பதை ஒரு பாடலால் மெய்ப்பித்துக் காட்டினார்.

அருட்பாவுக்கு அரணாக

சதாவதானி என்னும் பெயரை ஈட்டியோர் அதனை எதற்குச் செலவிட்டனர் என்பதே அவர்களை அளக்கும் கோல். பாவலர் தம் நாவன்மையைச் செலவிட்ட களங்களுள் தலையாயது அருட்பா வழக்கு.

இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தபின், அவற்றை அருட்பா எனல் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முதலியோர் மறுத்தனர். இருவர் காலத்திற்குப் பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுப்புத் தரப்பை முன்னின்று நடத்தியவர் நா. கதிரைவேற்பிள்ளை. திரு.வி.க.வின் ஆசிரியரான அவரும் ஒரு சதாவதானி. அவருடைய வாதுக்கு எதிராக, அவை அருட்பாவே என நிறுவும் பொருட்டு மேடையேறியவர்களுள் செய்குத்தம்பிப் பாவலர் முன்வரிசையில் நின்றார்.

சைவர்களுக்கிடையே எழுந்த வழக்கில் இசுலாமியர் ஒருவர் ஒரு தரப்பாரின் நாவாக நின்றதும், அத்தரப்பார் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டதும் தமிழ் வரலாற்றில் அரிதாகவே காணத்தக்க நிகழ்ச்சி. அவர்க்கு இதில் சமய ஆதாயம் எதுவும் இல்லை. ஒளிவழிபாடும், உயிர் இரக்கமும், சாதி கடந்த ஒருமையும் பேசிய பாடல்கள் அவர் நெஞ்சைத் தொட்டன. தமக்குச் சரியென்று பட்டதைச் சபையில் சொன்னார். ஒப்பரிய நினைவாற்றல் உடைய இருவர் எதிரெதிர் நின்ற அவ்வழக்கு, நினைவாற்றல் மட்டுமே உண்மையைத் தீர்மானிக்காது என்பதையும் நமக்கு உணர்த்துகின்றது. கற்றதை எப்பக்கம் நிறுத்துவது என்பதை நெஞ்சமே முடிவு செய்யவேண்டும்.

முகத்துதியும் நிய்யத்தும்

இனி நம் சமூகப் பெரியோர் எழுப்பக்கூடிய வினா ஒன்றுண்டு. பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செய்யும் செயலை ரியா என்றும் முகத்துதி என்றும் இசுலாம் கண்டிக்கின்றது. அங்ஙனமாயின் ஆயிரம்பேர் முன்னிலையில் அறிவைக் காட்டும் அவதானம் தகுமோ?

வினா நேரியதே. திருக்குர்ஆனின் முப்பது பாகங்களையும் நெஞ்சில் ஏற்றிய ஹாபிழ்கள் நம் ஊர்தோறும் உள்ளனர். ஓர் எழுத்தும் பிசகாத அவர்கள் நினைவாற்றல் எந்த அவதானிக்கும் குறைந்ததன்று. எனினும் அதனை அவர்கள் அமானத்தாகவே, அஃதாவது இறைவன் ஒப்படைத்த அடைக்கலப் பொருளாகவே கருதுகின்றனர். அடைக்கலப் பொருளை விற்பது முறையன்று. பயன்படுத்திக் காப்பதே முறை. செயல்கள் யாவும் நிய்யத்து என்னும் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பதும் நம் மார்க்கத்தின் அடிப்படை. எனவே மேடையில் ஏறினாரா என்பதைவிட, ஏறி இறங்கியபின் என்ன செய்தார் என்பதை நோக்குதலே தகும்.

இவ்விடத்தில் குசராத்து நாட்டில் 1867-இல் பிறந்த சமணப் பெரியார் இராயசந்திரரை ஒப்பிட்டு நோக்கலாம். அவர் 1887-இல், தம் பத்தொன்பதாம் வயதில், பம்பாயில் சதாவதானம் நிகழ்த்திப் பொற்பதக்கம் பெற்றார். ஐரோப்பாவிற்குச் சென்று திறமையைக் காட்டுமாறு அழைப்பும் வந்தது. அவரோ இக்காட்சிகள் ஆன்ம நெறிக்குத் தடை எனக் கண்டு, சில காலத்திற்குள் அவற்றை அறவே விட்டுவிட்டார். மணி வாணிகத்தால் பொருள் ஈட்டி, உள்ளத்தை அறநெறியில் செலுத்தினார். 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்து நினைவாற்றலைச் சோதித்து வியந்தார். ஆயினும் காந்தியடிகளைப் பின்னர் ஆட்கொண்டது அந்நினைவாற்றலன்று; அவர்தம் அறவாழ்வே.

இராயசந்திரர் மேடையைத் துறந்து உயர்ந்தார். பாவலர் மேடையைப் பயன்படுத்தி உயர்ந்தார். சதாவதானி என்ற பெயரால் கூடிய கூட்டத்திற்குச் சீறாவை விளக்கினார், அருட்பாவுக்காக வாதிட்டார், நாட்டு விடுதலை இயக்கம் எழுந்தபோது கதர் அணிந்து காங்கிரசு மேடைகளில் முழங்கினார். மக்களை அழைக்கும் மணியோசையாக அவதானம் இருந்தது. வந்தவர்க்கு வழங்கிய விருந்து வேறாக இருந்தது. இதுவே அவர்தம் வாழ்வின் தனிச்சிறப்பு என நாம் கருதுகிறோம்.

நூல்களும் இறுதிக்காலமும்

பாவலர் இயற்றிய நூல்கள் பலவாகும். சம்சுத்தாசீன் கோவை, நாயக மான்மிய மஞ்சரி, கல்வத்து நாயகம் இன்னிசைப் பாமாலை, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், திருநாகூர்த் திரிபந்தாதி, நீதிவெண்பா முதலியன குறிப்பிடத்தக்கன. கோவையும் பிள்ளைத்தமிழும் அந்தாதியும் தமிழின் மரபுவழிச் சிற்றிலக்கிய வகைகள். அம்மரபுக் கலங்களில் இசுலாமியப் பொருளைப் பெய்து தந்தவர் அவர். தேவலோகத்துக் கிரிமினல் கேஸ் என்று தலைப்பிட்டு உரைநடையிலும் எழுதியமை, பழமையில் ஊறியவராயினும் காலத்தின் நகைச்சுவையை அறிந்தவர் என்பதைப் புலப்படுத்தும்.

1950-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அண்டை ஊரினரும் சமகாலத்தவருமாகிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இரங்கற்பா பாடி வருந்தினார். தெலுங்கு நாட்டு அவதானிகளுள் தலைசிறந்த செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி மறைந்ததும் அதே 1950-ஆம் ஆண்டில்தான். ஒரு கலையின் பொற்காலம் அவ்வாண்டோடு நிறைவுற்றது எனலாம். பாவலரின் தாயகமாகிய நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956-இல்; அதனைக் காண அவர் இல்லை. இந்திய அஞ்சல் துறை 2008-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டுப் பெருமை செய்தது.

மாணவர்க்கு ஒரு சொல்

இன்று நினைவாற்றலைக் காட்டும் மேடைகள் பெருகியுள்ளன. வினாடிவினாப் போட்டிகளும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் விரைந்து விடை கூறுவோர்க்குப் பெரும்பரிசுகளை வாரி வழங்குகின்றன. அவற்றில் கலந்துகொள்வதும் வெல்வதும் தவறல்ல. ஏழைக் குடும்பத்து மாணவர் ஒருவர்க்கு அப்பரிசு கல்விக் கட்டணமாக அமையுமாயின் அதனினும் நல்வரவு வேறில்லை. புலமையால் பொருள் பெறுவது இழிவு என்று பெருஞ்சித்திரனாரும் கூறவில்லை. மதிப்பின்றி வரும் பொருளையே அவர் மறுத்தார்.

எனினும் கைதட்டல் ஓய்ந்தபின் எஞ்சுவது யாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். காஞ்சிக்குத் தெற்கே செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல், ஞானசம்பந்தரின் தேவாரம் பெற்ற பழம்பதி. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய கார்த்திகேய முதலியார், பாவலர் சதாவதானம் நிகழ்த்திய காலத்தை ஒட்டியே சொற்களின் வேரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1913-இல் அவருடைய மொழிநூல் வெளிவந்தது. சொல்லின் பிறப்பைத் தேடுவதும் ஒரு புதிரே. அதனை விடுவிக்க மேடையில்லை, கூட்டமில்லை, நாழிகைக் கணக்கும் இல்லை. பாவலர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்திய இரவுகளும், சீறாவுக்கு உரை கண்ட பகல்களும் இத்தகையனவே. மேடையில் அவர் ஒரு மாலைப்பொழுதில் வென்றார். அவ்வெற்றிக்கான விதை இம்மௌன உழைப்பில் கிடந்தது.

பிறர் இடும் புதிரை அவிழ்க்கக் கற்றல் திறமை. அதனை அவிழ்க்கையில் எவர் மனமும் நோகாமல் காத்தல் பண்பாடு. அவிழ்த்துப் பெற்ற பெயரைப் பிறர்க்குப் பயன்படச் செலவிடல் அறம். இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடியிருந்தன என்பதற்கு இடலாக்குடிப் பெருமகனார் சான்று. நம் மாணவச் செல்வங்கள் அவர்தம் நூல்களுள் ஒன்றையேனும் தேடிப் பயின்று, அவர் நின்ற நெறியில் நிற்பார்களாக. எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.